எக்ஸ்பியும் பத்தும் ஒரே வட்டில்

பாத்திரத்துக்குப் பேர்போன திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் என் மாமா எம்பிராய்டரி ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். பனியன் கம்பெனிகளிலிருந்து வரும் டிசைனைத் தையல் தையலாகப் பிரித்து எழுதும் பஞ்சிங் வேலைக்கென்று அவர் வைத்திருந்த கணினி, சென்ற ஆடி மாதம் மதர்போர்டு போய் நின்றுவிட்டது. வேறு கணினி வாங்குவது பெரிய காரியம் அல்ல. ஆனால் அவருடைய பஞ்சிங் மென்பொருள் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டுமே ஓடும். அதுவும் கணினியின் பின்புறத்தில் உள்ள 25 துளை பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற உரிமச் சாவி ஒன்றைச் செருகி வைத்தால்தான் திறக்கும்.

யுஎஸ்பியைப் பேரலல் போர்ட்டாக மாற்றித்தரும் கேபிள் ஒன்றை முதலில் வாங்கிப் பார்த்தேன். அந்தக் கேபிள் பிரிண்டருக்குத்தான் உதவும். மென்பொருளோ 378 என்ற பழைய முகவரியின் கதவை நேராகப் போய்த் தட்டுகிறது, அங்கே ஆள் இல்லை. விண்டோஸ் 10-க்குள் மெய்நிகர் கணினி அமைத்து அதில் எக்ஸ்பியை ஓட்டிய போதும் அதே கதைதான். ஆகவே கோயம்புத்தூர் காந்திபுரத்தில் தேடி, பேரலல் போர்ட் உள்ள பழைய அலுவலகக் கணினி ஒன்றை எடுத்து வந்தேன். மூன்றாம் தலைமுறை இன்டெல் என்பதால் எக்ஸ்பிக்கான டிரைவர்கள் கிடைத்தன. விற்றவர் விண்டோஸ் 10 போட்டே கொடுத்திருந்தார்; நான் உட்காருவதற்குள் மாமாவின் மகள் ஜிஎஸ்டி கணக்கையெல்லாம் அதில் ஏற்றிவிட்டார்.

இரண்டு விண்டோஸை ஒரே வட்டில் (ஹார்ட் டிஸ்கில்) வைப்பதானால் பழையதை முதலிலும் புதியதைப் பிறகும் நிறுவ வேண்டும் என்பது பாலபாடம். 2001-இல் வந்த எக்ஸ்பி என்டிஎல்டிஆர் என்ற கோப்பின் வழியாகத் தொடங்குகிறது. விஸ்டா முதல் அந்த இடத்துக்குப் பூட்மேனேஜர் வந்துவிட்டது. புதியதற்குப் பழையதைத் தெரியும். பழையதற்கோ தனக்குப் பின்னால் ஒருவர் வரப்போவதே தெரியாது. கணக்கு ஏறிவிட்டதால் அந்த வரிசை எனக்கு வாய்க்கவில்லை, தலைகீழாகத்தான் போக வேண்டியிருந்தது. வட்டு எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஜிபிடி என்ற புதிய முறையாக இருந்திருந்தால் 32 பிட் எக்ஸ்பி அதிலிருந்து தொடங்கவே தொடங்காது.

கணக்குக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்துக்கொண்டு, விண்டோஸ் 10-இன் டிஸ்க் மேனேஜ்மென்டில் 40 ஜிபி இடம் ஒதுக்கி எக்ஸ்பி சிடியைப் போட்டேன். கோப்புகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு, தொடங்கும் நேரத்தில் நீலத்திரையில் 7பி என்ற பிழை எண்ணைக் காட்டி நின்றது. இந்தக் கணினி வட்டோடு பேசும் முறை ஏஹெச்சிஐ; அதற்கான டிரைவர் எக்ஸ்பி சிடியில் கிடையாது. ஆகவே வட்டு அதன் கண்ணுக்கே தெரிவதில்லை. கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாசில் ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றினால் எக்ஸ்பி தொடங்கும், ஆனால் விண்டோஸ் 10 படுத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே தினமும் பயாசைத் திருகிக்கொண்டிருக்க மாமாவால் ஆகாது. என்லைட் என்ற கருவியைக் கொண்டு ஏஹெச்சிஐ டிரைவரை உள்ளே சேர்த்துப் புதிதாக ஒரு சிடி எழுதிய பிறகே நிறுவல் ஒழுங்காக முடிந்தது.

முடிந்ததும் கணினி எதையும் கேட்காமல் நேரே எக்ஸ்பிக்குள் போயிற்று. பின்னால் நின்றிருந்த மாமாவின் மகள், "கணக்கு போயிருச்சுங்களா?" என்று கேட்டார். போகவில்லை, எக்ஸ்பி வட்டின் தொடக்கப் பகுதியில் தன் நிரலை எழுதி வழியை மட்டும் மறித்திருந்தது. விண்டோஸ் 10 நிறுவும் பென்டிரைவில் தொடங்கி, கட்டளைச் சாளரத்தில், தொடக்க நிரலை மாற்றி எழுதும் பூட்செக்ட் கட்டளையை என்டி60 என்ற குறிப்புடன் கொடுத்ததும் பழைய வழி திறந்தது. இப்போது எக்ஸ்பியைக் காணோம். பிசிடிஎடிட் கட்டளையால் என்டிஎல்டிஆருக்கு ஒரு பதிவு உருவாக்கி அதை, எதற்குள் போவது என்று கணினி கேட்கும் தொடக்கப் பட்டியலில் சேர்த்தேன். இந்த இடத்தில் பலர் தடுமாறுவார்கள்: எக்ஸ்பி தன் கோப்புகளை 40 ஜிபி பகுதியில் வைத்திருந்தாலும், என்டிஎல்டிஆரையும், எங்கிருந்து தொடங்குவது என்று அதற்குச் சொல்லும் பூட்.ஐஎன்ஐயையும் சிஸ்டம் ரிசர்வ்ட் என்ற சிறு பகுதியில்தான் வைத்திருக்கும். பதிவு அந்தச் சிறு பகுதியைத்தான் சுட்ட வேண்டும்.

விண்டோஸ் 10-இல், முழுதாக அணையாமல் இருந்து விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்திவிட்டேன்; அது அரைத்தூக்கத்தில் விட்டுச்செல்லும் பகுதியில் எக்ஸ்பி எழுதினால் கோப்புகள் சிதையும். எக்ஸ்பி தொடங்கும்போதெல்லாம் விண்டோஸ் 10-இல் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயிண்டுகளை அழித்துவிடும் என்பதால் அவற்றை நம்பியிராமல் வாரம் ஒருமுறை வெளி வட்டில் நகலெடுக்கச் சொல்லியிருக்கிறேன். எக்ஸ்பிக்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. ஆகவே அது இணையத்துக்குள் போகாதிருக்க, அதில் நெட்வொர்க் டிரைவரையே நான் போடவில்லை.

மூன்றாம் நாள் மாமா அழைத்தார். "மாப்ள, ரெண்டாவதை அமுக்குனா மறுபடியும் மொதல்ல இருந்தே ஓடுதுங்க, கெட்டுப்போச்சுங்களா?" விண்டோஸ் 10-இன் நீலநிறப் பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் கணினி ஒருமுறை முழுதாக மறுதொடக்கம் ஆன பிறகே அதற்குள் போகும், அதைப் பார்த்துப் பயந்து ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்திருக்கிறார். பட்டியலைப் பழைய கறுப்புத்திரை வகைக்கு மாற்றிக் கொடுத்தேன். அன்று மாலையே ஒரு டிசைன் பிளாப்பியில் ஏறி மெஷினுக்குப் போயிற்று.