பிள்ளை எப்போது வரலாம்?

ஆறு மாதமாக எங்கள் அடுக்களைச் சாமான்களில் சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருக்கின்றன. கரண்டியில் 'டேர் லோஃபல்', முள்கரண்டியில் 'டீ காபல்', கத்தியில் 'தாஸ் மெசர்'. ஜெர்மன் மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டிலும் சேராது. மாமியிடம் இதை விளக்கியபோது, "அதை யார் போய்ப் பார்த்துச் சொன்னார்கள்?" என்று கேட்டார். என் ஜெர்மன் வகுப்பு ஆசிரியையிடமும் இதற்குப் பதில் இல்லை.

நான் தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ். மார்த்தாண்டம் பக்கம் வீடு. எங்கள் பகுதியில் வெளிநாட்டில் நர்ஸ் இல்லாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நானும் 2018 முதல் ஐந்து வருடம் ரியாத்தில் இருந்தேன். போகும்போது மகளுக்கு ஒரு வயது. என் ஒப்பந்தத்தில் குடும்பத்துக்கு இடமில்லை. விடுதியில் ஒரு கட்டில், ஒரு அலமாரி. வரி பிடிக்காத சம்பளம் வீட்டுக் கடனை அடைத்தது, அதை மறுக்க மாட்டேன். 2020-ல் விமானங்கள் நின்றுபோனதில் விடுமுறையும் போயிற்று. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய அன்று, மகள் என் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்தத் தடவை எத்தனை நாள் லீவு?"

உள்ளூர்ச் சம்பளத்தில் இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தோம். முடியவில்லை. மறுபடி போவது என்று ஆனதும், நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நாடுகளை எழுதினேன். சம்பளம், வாடகை, வரி என்று கட்டம் போட்டவர் என் கணவர். நான் ஓரத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தேன்: பிள்ளை எப்போது வரலாம்?

சவூதி அந்தக் கட்டத்தில் முதலிலேயே விழுந்துவிட்டது.

பிரிட்டனில் பதில் நன்றாகவே இருந்தது. நர்ஸ் விசாவில் கணவரும் பிள்ளையும் கூடவே வரலாம், கணவர் வேலைக்கும் போகலாம், மற்றவர்கள் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணமும் கிடையாது. ஆனால் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு 6.5, மற்ற மூன்றுக்கும் 7 வேண்டும். எழுத்தில் இரண்டு முறையும் எனக்கு 6. வாகன நெரிசலைக் குறைப்பது பற்றி 250 வார்த்தை எழுதத் தெரியாததற்கும் வென்டிலேட்டர் பார்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலாக வந்தது. போதாததற்கு, நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்கான காத்திருப்பை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக்கப்போவதாக 2025 மே மாதம் அந்த அரசு அறிவித்தது. அப்போது என் மகளுக்குப் பதினெட்டு தாண்டியிருக்கும்.

ஜெர்மனியில் கணக்கு தலைகீழ். நர்ஸ் உரிமம் பெற்று வேலை பார்த்தால் மூன்று வருடத்தில் நிரந்தரமாகத் தங்க அனுமதி கேட்கலாம், ஐந்து வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கட்டணத்தை நினைத்து விழிக்க வேண்டியதில்லை. தொடக்கம்தான் கடினம். ஜெர்மன் மொழியில் பி2 என்ற நிலைத் தேர்வைத் தேற வேண்டும். நம் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு, எது குறைகிறது என்று ஒரு கடிதம் தருவார்கள். அந்தக் குறையைப் பயிற்சியாலோ தேர்வாலோ தீர்க்கும்வரை உதவியாளர் பதவி, உதவியாளர் சம்பளம். அந்தச் சம்பளத்தில் மூன்று பேருக்குப் போதுமான வீடும் வருமானமும் காட்டினால்தான் குடும்பத்துக்கு விசா.

என்னோடு படித்த ஒருத்தி அங்கே அந்தக் கட்டத்தைத் தாண்டியவள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, பல் தேய்த்துவிடுவது, ஊட்டுவது எல்லாம் அங்கே நர்ஸ் வேலை. நம் ஊரில் அதற்கு அத்தையோ மருமகளோ கட்டிலடியில் பாய் விரித்துக் கிடப்பார்கள். டிரிப் ஏற்ற ஊசி குத்துவதோ அவள் வார்டில் டாக்டர் செய்கிற வேலை. "முதல் மூன்று மாதம் கழிப்பறையில் போய் அழுதேன். பிறகுதான் அதுவும் ஒரு வித்தை என்று தெரிந்தது, பக்கவாதம் வந்தவரை வலிக்காமல் திருப்பிப் படுக்கவைக்க எனக்கு யாரும் சொல்லித் தந்ததே இல்லை" என்றாள். பயமுறுத்துகிறாளா, தேற்றுகிறாளா என்று புரியவில்லை. ஆனால் அதைக் கேட்டபின்தான் ஜெர்மனி என்று முடிவு செய்தேன்.

நடுவில் ஒரு ஏஜென்சிக்கும் போனோம். மூன்று லட்சம் ரூபாய், அதோடு அசல் சான்றிதழ்கள் அவர்கள் பீரோவில் இருக்க வேண்டும் என்றார்கள். கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

கணவர் வயரிங் வேலை பார்ப்பவர். முப்பத்தொன்பது வயதில் சுவிட்சுக்கும் ஃபியூஸுக்கும் புதுப்பெயர் படிக்க வேண்டும். "இங்கே என்னைத் தேடி நாலு பேர் வருகிறார்கள். அங்கே யார் வருவார்கள்?" என்றார். அந்த இரவு நான் பதில் சொல்லவில்லை. என்னைத் தேடி ரியாத்திலும் யாரும் வரவில்லை. ஆனால் அவரைச் சமாதானப்படுத்த அதை எடுத்துப் போடுவது நியாயமாகப் படவில்லை.

மாமியை எந்த நாட்டு விசாவில் சேர்ப்பது என்ற பேச்சை அவரே முடித்துவைத்தார். "நான் வரவில்லை. குளிர் எனக்கு ஆகாது. பிள்ளையை மட்டும் இந்தத் தடவை என்னிடம் விட்டுவிட்டுப் போகாதே." ஐந்து வருடம் அவளை வளர்த்தவர் சொன்னது. இது பாரமா, பாசமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜெர்மனில் பி2-வுக்கு முந்தைய நிலையான பி1 தேறிவிட்டேன், பி2 வகுப்பு நடக்கிறது. கணவர் ஒரு நிபந்தனை வைத்தார்: நான் போய்ப் பதினெட்டு மாதத்துக்குள் மகள் அங்கே வந்து சேரவில்லை என்றால், உரிமம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் திரும்பிவிட வேண்டும். சரி என்றேன். அந்த நாள்காட்டித் தாளிலேயே எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதை மடித்து மீட்டர் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அங்கேதான் வேறு யாரும் கை வைக்க மாட்டார்களாம்.