கான்சாஸ் சிட்டியில் ஆறு வருடப் படிப்பு

அமெரிக்காவில் டாக்டராக வழக்கமான பாதை, நான்கு வருடம் இளங்கலை, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு, அப்புறம் நான்கு வருடம் மருத்துவம். கான்சாஸ் சிட்டியில் உள்ள மிசௌரி பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1971-இல் தொடங்கியதிலிருந்தே ஆறு வருடப் படிப்பு நடத்துகிறது. பள்ளி முடித்ததும் நேராகச் சேரலாம், எம்கேட் வேண்டாம். அதில்தான் நான் படித்தேன். "நம்ம ஊர் எம்பிபிஎஸ் மாதிரிதானே?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பாதிதான் சரி. அங்கே அடிப்படை மருத்துவப் பட்டமே எம்.டி.தான்; அதோடு பி.ஏ.வையும் சேர்த்து முடித்தாக வேண்டும்.

முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் கல்லூரிப் பாடம்தான்: வேதியியல், உயிரியல், கட்டுரை எழுதும் வகுப்பு. கோடையிலும் வகுப்பு உண்டு. பாடங்கள் தனித்தனியாகப் பார்த்தால் பயமுறுத்தாது. இரண்டு பாடத்திட்டங்கள் ஒரே நேரத்தில் ஓடுவதுதான் ஆளைத் திணறடித்துவிடும்.

மூன்றாம் வருடத்தில் எல்லாம் மாறும். பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் சேர்ப்பார்கள். அதற்கு 'டோசென்ட்' என்று ஒரு மருத்துவர் பொறுப்பு. மூன்றாம் வருடத்தவருக்கு ஐந்தாம் வருட சீனியர் ஒருவர் துணை. வாரம் அரை நாள் கிளினிக். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் சார்பிட்டால் என்ற பொருள் நரம்பில் சேர்ந்து அதைக் கெடுக்கும் என்று உயிர்வேதியியலில் உருப்போட்டுக் கொண்டிருந்த சமயம், கிளினிக்குக்குச் சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவர் வந்தார். செருப்பு கழன்றாலும் தெரிவதில்லை என்றார். சீனியர் அக்கா என் கையில் மெல்லிய நைலான் இழை ஒன்றைக் கொடுத்தார். பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற இழை. "அவரைக் கண்ணை மூடச் சொல்லு. இழை வளையும் வரை பாதத்தில் அழுத்து. பட்டால் சொல்லச் சொல்லு." கட்டைவிரலில் அழுத்தினேன், பதில் இல்லை. குதிகாலிலும் இல்லை. கணுக்காலுக்கு மேல் போனதும்தான் "ஆங்" என்றார். அன்று இரவு அந்தப் பாடத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இந்தப் படிப்பின் பெரிய பலம் இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்: புத்தகத்தில் இருப்பது ஆளாக எதிரே வந்து உட்காரும்.

சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. பி.ஏ. கிரெடிட்டுகளில் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் முதல் இரண்டு வருடத்திலேயே முடித்துவிடுங்கள். பகலெல்லாம் வார்டில் நின்றுவிட்டு ராத்திரி உட்கார்ந்து கட்டுரை எழுதுவது பெரும்பாடு. முக்கியப் பாடமாக வேதியியலோ உயிரியலோ எடுத்தால் இரண்டு பக்கமும் உதவும். ஆனால் பதினேழு வயதில் டாக்டர்தான் என்று உறுதியாகத் தெரியாத பிள்ளையை அப்பா அம்மா வற்புறுத்திச் சேர்க்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கு எட்டு வருடப் பாதையே நல்லது.