பத்தலப்பல்லி மலைச்சாலையில் ஏர் எடுத்த ராத்திரி

1993-இல் பேரணாம்பட்டில் ஒரு தோல் மண்டி லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். டாட்டா 1210. டாட்டாவும் பென்ஸும் 1969-லேயே பிரிந்துவிட்டன. ஆனாலும் எங்கள் டிரைவர் அண்ணாவுக்கு அது கடைசி வரை 'பென்ஸு' தான். பெங்களூரிலிருந்து உப்புப் போட்ட மாட்டுத்தோல் ஏற்றி, வி.கோட்டா வழியாகப் பத்தலப்பல்லி மலை இறங்கி ஊருக்கு வருவோம். போகும்போது பெரும்பாலும் காலி வண்டிதான்.

அந்த உப்பு வண்டியைத் தின்றது. தோலிலிருந்து கசியும் தண்ணீர் பலகை இடுக்கில் ஒழுகி, சேஸிஸில் இறங்கி, பேட்டரியின் எர்த் ஒயர் வரை போய்விடும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரி போச்சு என்று நான் பதறுவேன். அண்ணா டீக்கடையில் ஒரு சொம்பு வெந்நீர் வாங்கி டெர்மினல் மேல் ஊற்றச் சொல்வார். பச்சையாகப் பூத்திருப்பது கரைந்து ஓடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எர்த் ஒயரை முறுக்கினால் செல்ப், அதாவது இன்ஜினைக் கிளப்பும் மோட்டார், சுற்றும்.

எங்கள் வண்டியில் சூடு பண்ணும் பிளக் எல்லாம் கிடையாது. மார்கழி காலையில் முதலில் வெள்ளைப் புகையாகத்தான் தள்ளும். எரியாத டீசல், கண்ணைக் கரிக்கும். பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் செல்ப் அடிக்கக் கூடாது, விட்டு விட்டு அடிக்க வேண்டும். பிடித்ததும் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடும் ஆட்களை அண்ணாவுக்குக் கண்டாலே ஆகாது. ஆயில் மேலே ஏற வேண்டும், மீட்டரில் பிரேக்குக்கான ஏர், அதாவது காற்றழுத்தம், ஐந்து கிலோவைத் தொட வேண்டும். அதுவரை அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு கீழே நிற்பார்.

டீசல் இன்ஜினில் பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய 17-ல் ஒரு பங்காக நசுக்கும்போது அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பழைய வண்டியில் ஓட ஆரம்பித்தபின் பேட்டரி செத்தாலும் லைட்டும் ஹாரனும்தான் போகும், இன்ஜின் நிற்காது. சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டாப்பரை இழுத்து டீசலை அடைத்தால்தான் நிற்கும். இல்லையென்றால் டீசல் பாதையில் காற்று புகுந்தால் நிற்கும். அதைத்தான் நான் செய்து காட்டினேன்.

டீசல் மீட்டர் எப்போதோ செத்துவிட்டது. டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பது கிளீனர் வேலை. அன்று சாயங்காலம் வண்டி மண்டிக்குப் பின்னால் சரிவில் நின்றது. டேங்கின் மூடி இருக்கும் பக்கம் தாழ்வு. குச்சி பாதிக்கு மேல் நனைந்து வந்தது. "அரை டேங்க் இருக்குதுணா" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பத்தலப்பல்லி மலையில் ஏறிக்கொண்டிருந்தபோது இன்ஜின் இரண்டு முறை திக்கியது, அப்புறம் நின்றேவிட்டது. இருந்த கொஞ்சம் டீசலும் ஏற்றத்தில் டேங்கின் பின்பக்கம் ஒதுங்கிவிட, குழாய் காற்றை இழுத்துவிட்டது. நான் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட்டேன். அண்ணா டார்ச்சை வாங்கி டேங்குக்குள் அடித்துப் பார்த்தார்.

"இன்னாடா, அரை டேங்க் கீதுன்னியே?"

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து வந்த ஒரு லாரிக்காரர் ட்யூப் போட்டு உறிஞ்சி ஒரு கேன் டீசல் கொடுத்தார். ஊற்றினோம். நான் சாவியைத் திருப்பப் போனேன். "செல்ப் மேல கைய வைக்காத" என்றார் அண்ணா. காற்று இருக்கும் வரை எத்தனை தடவை அடித்தாலும் பேட்டரிதான் சாகும். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நோசில் திறக்க 200 பார் போல அழுத்தம் வேண்டும். காற்று பஞ்சு மாதிரி அமுங்கிக்கொள்ளுமே தவிர நோசிலைத் திறக்கவிடாது.

அந்தக் காற்றை வெளியேற்றுவதைத்தான் 'ஏர் எடுப்பது' என்போம். டீசல் பில்டர் மேலிருந்த சின்ன ஸ்குரூவை அண்ணா தளர்த்தினார். கைப்பம்பை நான் குத்தினேன். முதலில் புஸ்ஸென்று காற்று. அப்புறம் சோப்பு நுரை மாதிரி டீசல், நுரைக்குள் கடுகு கடுகாகக் குமிழி. குத்தக் குத்தக் குமிழி பெரிதாகி, குறைந்து, ஒன்றிரண்டாகி, கடைசியில் கண்ணாடி மாதிரி தெளிந்து வழிந்தது. குத்துவதை நிறுத்தாமலே முறுக்கச் சொன்னார். நிறுத்தினால் திரும்பக் காற்றை உறிஞ்சும். டீசல் பம்பிலும் அதே வேலை. பிறகு 17-ஆம் நம்பர் ஸ்பானரால் நோசில் நட்டுகளைத் தளர்த்தி, செல்ப் அடித்து, டீசல் துப்பியதும் முறுக்கினோம். மூன்றாவது நட்டை முறுக்கும்போதே இன்ஜின் நொண்டிக்கொண்டு பிடித்துவிட்டது. முழங்கை வரை டீசல். அந்த நாற்றம் இரண்டு நாள் சோற்றில் வந்தது.

இப்போது நான் ஓட்டுவது பிஎஸ்6 டிப்பர், புகைக்கான புது விதிப்படி செய்த வண்டி. டீசலோடு யூரியாத் தண்ணீரும் கேட்கிறது. ஏதாவது ஒரு சென்சாருக்குக் கோபம் வந்தால் மஞ்சள் விளக்கு போட்டு இழுவையைக் குறைத்துக்கொள்கிறது. ஸ்பானரோடு இறங்கினால் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, போன் போட வேண்டியதுதான். சுகமான வண்டி, குறை சொல்ல மாட்டேன்.

போன மாசம் அண்ணாவை அதில் ஏற்றி ஆம்பூர் வரை கூட்டிப்போனேன். ஏசியை ஒரு தரம், சீட்டை ஒரு தரம் தடவிப் பார்த்தார். டீசல் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். திரையில் பாதியில் நின்ற கோட்டைக் காட்டினேன்.

கண்ணாடி வழியாக எட்டி ரோட்டைப் பார்த்தார். "வண்டி சமமாத்தான நிக்குது?" என்றார்.