தாடை வலிக்காமல் பைப் பிடிக்கப் பழகியது

பைப் புகைக்க ஆரம்பித்தபோது புகையிலையை எப்படி நிரப்புவது, எப்படிப் பற்றவைப்பது என்று சொல்லிக்கொடுக்க நிறையப் பேர் இருந்தார்கள். எப்படிப் பிடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. கிண்ணம் என்பது பைப்பில் புகையிலை நிரப்பும் குழிவான பகுதி. ஒரு கிண்ணம் புகையிலை நிதானமாக எரிந்து முடிய முக்கால் மணி, சில சமயம் ஒரு மணி நேரம்கூட ஆகும். அவ்வளவு நேரமும் பல்லில் கவ்வியிருந்ததில், காதுக்கு முன்னால் தாடை பொருந்துகிற இடத்தில் வலி பிடித்துக்கொண்டது. மறுநாள் சாப்பாட்டை மெல்லும்போதும் தெரிந்தது.

என்னிடம் இருந்தது நேர்த்தண்டு பைப். அதில் கிண்ணம் வாயிலிருந்து தள்ளி, தண்டின் மறுமுனையில் நிற்கும். தள்ளிப்போகப் போக அதே எடையைத் தாங்கப் பல் இன்னும் அழுத்த வேண்டியிருக்கும். வளைந்த தண்டில் கிண்ணம் தாழ்ந்து மோவாய்ப் பக்கம் வந்துவிடுவதால் இழுப்பு குறைகிறது. கவ்விப் புகைப்பதற்கு நாற்பது கிராமுக்குள் இருக்கும் பைப்தான் எனக்கு ஒத்துவருகிறது. ஐம்பதைத் தாண்டினால் அது கையில் பிடிக்கிற பைப்.

கவ்வும் இடத்தையும் மாற்றினேன். முன்பற்களை விட்டு ஓரமாக, கோரைப்பல்லுக்கு அடுத்த பற்களுக்கு நடுவில் வைத்தேன். வாய்முனையில் இருக்கும் சின்ன விளிம்பு பல்லுக்கு உட்பக்கம் மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு கடிக்கவே வேண்டாம், நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும். எபோனைட், அதாவது கெட்டியாக்கிய ரப்பரில் செய்த தண்டு கொஞ்சம் மென்மையானது, பல்லுக்கு இதம், ஆனால் சீக்கிரம் பல் தடம் விழும். அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்தது கெட்டியானது, வழுக்கும். அதற்கு வாய்முனையில் ரப்பர் உறை மாட்டிக்கொள்ளலாம். எப்போதும் ஒரே பக்கம் கவ்வாமல் மாற்றிக்கொள்வதும் நல்லது. ஐரோப்பாவில் பழைய புதைகுழிகளில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில், களிமண் பைப்பைக் கவ்விக் கவ்வியே மேல் பல்லும் கீழ்ப் பல்லும் வட்டமாகத் தேய்ந்திருக்கின்றன. இதைப் படித்ததிலிருந்து எனக்குப் பல்மீது அக்கறை கூடிவிட்டது.

இவ்வளவுக்கும் பிறகு, பெரும்பாலான நேரம் பைப் கையில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். உள்ளங்கைக் குழியில் கிண்ணத்தின் அடி உட்காரும். கட்டைவிரல் கிண்ணத்தின் என் பக்கம் பார்த்த சுவரில். ஆள்காட்டி விரல் தண்டை ஒட்டி. மற்ற மூன்றும் கிண்ணத்தைத் தளர்வாகச் சுற்றி. முழங்கையை நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றினால் தோளும் சோராது. பாதி எரிந்த பிறகு கிண்ணம் சூடேறும். அப்போது தண்டும் கிண்ணமும் சேரும் இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, மடக்கிய நடுவிரலைக் கீழே முட்டுக்கொடுப்பேன்.

கிண்ணத்தைக் கையால் தொட்டுக்கொண்டே இருப்பதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது சூட்டைச் சொல்லிவிடும். என் பைப் பிரையர் என்ற புதர்ச்செடியின் வேர்க்கட்டையில் செய்தது, அது வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அதையே பிடிக்க முடியவில்லை என்றால் நாம் வேகமாக இழுக்கிறோம் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் நாக்கும் எரியும். அப்படியே கீழே வைத்துவிடுவேன். அணைந்தால் அணையட்டும், அப்புறம் பற்றவைத்துக்கொள்ளலாம். களிமண் பைப்பின் கிண்ணத்தை இப்படிப் பிடிக்க முடியாது, சீக்கிரம் சுடும். தண்டைத்தான் பிடிக்க வேண்டும். மீர்ஷாம் என்ற மென்மையான வெள்ளைக் கனிமத்தில் செதுக்கிய பைப்பையும் தண்டில் பிடிப்பதுதான் வழக்கம். சூடான கிண்ணத்தில் விரல் பட்டால் மெழுகுப் பூச்சு கலைந்து நிறம் திட்டுத்திட்டாகும் என்பார்கள்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எப்படிப் பிடித்தாலும் புகையிலை புகையிலைதான். உதட்டிலும் வாயிலும் புற்றுநோய் வரும் ஆபத்து பிடியை மாற்றுவதால் குறையாது. வாய்முனை படும் இடத்தில் புண்ணோ வெள்ளைத் திட்டோ வந்து இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இரண்டு கையும் வேண்டியிருக்கும்போது மட்டும் இப்போதும் கவ்விக்கொள்கிறேன். அப்போது தலையைக் குனிந்தால் எச்சில் தண்டுக்குள் இறங்கி களகளவென்று சத்தம் வரும். மோவாயைச் சற்று நிமிர்த்தி வைத்து, நடுநடுவே வாயிலிருந்து எடுத்து உமிழ்நீரை விழுங்கிக்கொண்டால் அது நிற்கும். உள்ளே ஏற்கெனவே ஈரம் சேர்ந்துவிட்டதென்றால் பைப் கிளீனர் எனப்படும் பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பி ஒன்றைத் தண்டு வழியாக விட்டு எடுக்கலாம். ஆனால் சூடாக இருக்கும்போது தண்டைக் கழற்றாதீர்கள், உள்ளே செருகியிருக்கும் முனை உடைந்துவிடலாம்.