34 பல் கேசட்டும் நான்கு கண்ணிக் குறையும்

சென்ற மாதம் வரை சைக்கிளில் 34/28 கியரில் (முன்னால் 34 பல், பின்னால் 28) எழுந்து நின்று மிதித்த 10 விழுக்காட்டு ஏற்றத்தை, இம்முறை இருக்கையை விட்டு எழாமலே முடித்தேன். பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டில் பெரியது இப்போது 34 பல். நானும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ. அந்த எடையை மணிக்கு 7.5 கிலோமீட்டர் வேகத்தில் மேலேற்றுவதற்கு மட்டுமே 163 வாட் வேண்டும். என்னால் நெடுநேரம் தர முடிவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த வேகத்தில் பழைய கியரில் நிமிடத்துக்கு 49 சுற்றுதான் மிதிக்க முடிந்தது, இப்போது 60 சுற்று வருகிறது. பெடலில் அழுத்தும் விசை 18 விழுக்காடு குறைந்திருப்பதை முழங்கால்தான் முதலில் சொன்னது.

முன்னால் 50-க்கும் 34-க்கும் 16, பின்னால் 34-க்கும் 11-க்கும் 23, ஆக 39 பல் வேறுபாடு. பின்னால் கியர் மாற்றும் என் ஷிமானோ 105 ஆர்7000 டெரெய்லர், செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு நீளமான வகை என்பதால் அது தாங்கும் வேறுபாட்டின் எல்லையும் சரியாக 39. அந்தக் கணக்கு உதைக்கவில்லை. இந்தக் கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. வளையம் இட வேண்டும் என்பதை விற்றவர் சொல்லாததால், பூட்டு வளையத்தை இறுக்கிய பிறகும் கேசட் கையில் ஆடியது. சக்கரத்துடன் வந்த வளையம் ஒன்று பழைய டப்பாவில் கிடந்தது, பிழைத்தேன்.

உண்மையான வம்பு செயினில் வந்தது. வண்டியைத் தாங்கியில் ஏற்றி, பெடல் தண்டான கிராங்கைக் கையால் சுற்றிக்கொண்டே 50/34-க்கு மாற்றியபோது, டெரெய்லரின் கூண்டு முன்பக்கமாக விறைத்து நீண்டு, கிராங்க் அப்படியே நின்றுவிட்டது. சாலையில் அந்தக் கியருக்கு மாற்றியிருந்தால் டெரெய்லரைத் தாங்கும் ஹேங்கர் முறிந்திருக்கும். செயின் பல்சக்கரத்தின் பாதியைத்தான் சுற்றிக்கொள்கிறது என்பதால் 6 பல் கூடினால் 3 கண்ணி கூட வேண்டும்; உள்தகடும் வெளித்தகடும் மாறி மாறி வருவதால் இரட்டைப்படையில்தான் கூட்ட முடியும், ஆகவே 4. என் பழைய செயின் 106 கண்ணி. தேய்ந்த செயினில் புதுத் துண்டை ஒட்டவைக்க மனமில்லாமல், 116 கண்ணிச் செயின் ஒன்றை வாங்கி, டெரெய்லர் வழியே விடாமல் பெரிய பற்சக்கரங்கள் இரண்டின்மேலும் சுற்றி, மூன்று முறை எண்ணிப் பார்த்து, 110-இல் வெட்டினேன். 34/11-இல் செயின் தொங்குகிறதா என்றும் பார்த்தேன், தொங்கவில்லை.

சமதளத்தில் மட்டும் குறை உண்டு. 11, 13, 15 என்று பற்கள் தாவுவதால், பழைய கேசட்டில் இருந்த 12, 14 இரண்டையும் கால் தேடுகிறது. இதற்கிடையே முன்னால் 46/30 பல் கொண்ட கிராங்கின்மேல் கண் போயிருக்கிறது. 30/34 என்றால் விகிதம் 0.88, இதே ஏற்றத்தில் 67 சுற்று வரை மிதிக்கலாம். அதற்கு முன், 34 பல் சக்கரத்தில் டெரெய்லரின் மேல் உருளை இன்னும் லேசாக உரசி முனகுகிறது. அந்த உருளையைப் பல்லிலிருந்து விலக்கும் பி-திருகைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டிருக்கிறேன்.