குல்மார்க்கில் பனி விழுமா?

பாளையங்கோட்டையில் சுற்றுலா ஏற்பாட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் எனக்கு ஐப்பசி பிறந்ததும் வருகிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: சனவரியில் காஷ்மீர் போனால் பனி பார்க்கலாமா? விமானக் கட்டணத்தைச் சொல்வதைவிட இதற்குப் பதில் சொல்வது கடினம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை டிசம்பர் தொடக்கத்தில் குளிர்காலத்துக்கான முன்னறிவிப்பையும், ஆண்டு பிறக்கும் சமயத்தில் சனவரி முதல் மார்ச் வரையிலான மழை மதிப்பீட்டையும் வெளியிடுகிறது. இயல்பைவிடக் குறைவு, இயல்பு, இயல்பைவிட அதிகம் என்ற மூன்றில் எதற்கு வாய்ப்புக் கூடுதல் என்பதைப் பரந்த பகுதிக்கு மொத்தமாகச் சொல்வதே அதன் வேலை. எதுவும் தெரியாத நிலையிலேயே ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதால், 45 விழுக்காடு என்று வந்தாலும் அது ஒரு சாய்வு மட்டுமே. இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி தம்பி, பொங்கல் லீவுல விழுமா, விழாதா?" என்பார்கள். "அண்ணாச்சி, அந்தத் தேதியை இப்போதே யாராலும் சொல்ல முடியாது" என்பேன்.

காஷ்மீருக்குக் குளிர்காலப் பனியைத் தருபவை மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் காற்றழுத்தத் தாழ்வுகள். அவற்றுள் ஒன்று எந்த நாளில் வந்து சேரும் என்பது ஒரு வாரம், பத்து நாள் முன்னால்தான் ஓரளவு தெரியவரும். வந்தாலும், சுமார் 1,585 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்ரீநகரில் மழையாகப் பெய்வது 2,650 மீட்டரிலுள்ள குல்மார்க்கில் பனியாக விழலாம். ஆகவே மழை கூடுதல் என்ற அறிவிப்பைப் பனி கூடுதல் என்று படித்துவிடக் கூடாது.

2023 டிசம்பருக்குப் பிறகு இதை விளக்குவது எளிதாகிவிட்டது. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் நமது வடகிழக்குப் பருவமழை சற்றுத் தூக்கலாக இருக்கும் என்பது பழைய கணிப்பு. ஆனால் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டித் தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளக்காடாகும் என்பதை எந்தப் பருவ முன்னறிவிப்பாலும் மாதங்களுக்கு முன்பே சொல்லியிருக்க முடியாது. அதே குளிர்காலத்தில், சில்லாய் கலான் என்று காஷ்மீரிகள் அழைக்கும் கடுங்குளிரின் நாற்பது நாள்களில் பெரும்பகுதி, குல்மார்க்கின் சரிவுகள் பனியின்றிக் காய்ந்து கிடந்தன. சனவரிக் கடைசியில்தான் பனி விழத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் அங்கு நடக்கவிருந்த குளிர்கால விளையாட்டுப் போட்டிகளே பனி போதாமல் தள்ளிவைக்கப்பட்டன. அரசே நம்பிக் குறித்த தேதிக்கு அந்தக் கதி!

எனவே எங்கள் பயணத் திட்டத் தாளில் 'பனி உறுதி' என்று அச்சிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்; வியாபாரம் போய்விடுமே என்று முதலாளிக்கு இன்னும் மனத்தாங்கல்தான். தேதி மாற்றக்கூடிய சீட்டாக எடுக்கச் சொல்கிறேன். பள்ளி செல்லும் பிள்ளைகள் இல்லாதவர்களைப் பிப்ரவரிக்குத் தள்ளுகிறேன். வியாழக்கிழமைதோறும் வரும் நான்கு வார முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டே குல்மார்க்கில் எத்தனை இரவு தங்குவது என்று முடிவு செய்கிறோம்.