குழந்தைகளோடு குரூஸ்: கேபினுக்கு முன் சாப்பாட்டு நேரத்தை முடிவு செய்யுங்கள்

சிறு பிள்ளைகளோடு குரூஸ் (கப்பல் சுற்றுலா) பதிவு செய்கிறவர்கள் கேபினைப் பற்றி நாள்கணக்கில் யோசிக்கிறார்கள். பால்கனி வேண்டுமா, எந்தத் தளம், லிஃப்டுக்குப் பக்கமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். படிவத்தில் 'இரவு உணவு நேரம்' என்ற இடம் வரும்போது மட்டும் எதையோ ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கப்பலில் பிள்ளை எப்போது விளையாடும், எப்போது தூங்கும், பெற்றோருக்கு எந்த ஒரு மணி நேரம் சும்மா உட்காரக் கிடைக்கும் என்பதையெல்லாம் அந்த ஒரு தேர்வுதான் தீர்மானிக்கிறது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, போர்ட் கிளாங், புக்கெட் பக்கம் போகும் 3, 4 இரவுப் பயணங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நம் ஆட்கள் அதிகம் போவது அவற்றில்தான்.

முதலில் கிட்ஸ் கிளப்பின் நேரம். ஊழியர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு விளையாட வைக்கும் இடம் அது. ராயல் கரீபியன் கப்பல்களில் 'அட்வென்ச்சர் ஓஷன்' என்று பெயர். கப்பல் நாள் முழுக்கக் கடலில் இருக்கும் நாட்களில் காலை 9 முதல் 12, பிற்பகல் 2 முதல் 5, இரவு 7 முதல் 10 என்பது வழக்கமான அமைப்பு. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. இரவு 10 மணிக்குப் பிறகு மணிக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். நடுவில் உள்ள 12 முதல் 2, 5 முதல் 7 இரண்டும் சாப்பாட்டு இடைவெளி. அந்த நேரத்தில் பிள்ளையை நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். துறைமுக நாட்களில் நேரம் மாறும் என்பதால் முதல் நாளே கப்பலின் செயலியில் பார்த்துவிடுங்கள்.

இதன்மேல் உணவு நேரத்தை வைத்துப் பாருங்கள். முதன்மை உணவகத்தில் பெரும்பாலும் இரண்டு பந்தி: ஒன்று மாலை 5.30 வாக்கில், மற்றது இரவு 8 வாக்கில். முதல் பந்தி கிளப்பின் மாலை இடைவெளியில் சரியாகப் பொருந்துகிறது. 5.30க்கு உட்கார்ந்து 7க்கு எழுந்தால் பிள்ளை நேராகக் கிளப்புக்குப் போகலாம், நீங்கள் நாடகமோ பாட்டோ பார்க்கலாம். இரண்டாம் பந்தியில் 7 மணிக்குக் கிளப்பில் விட்ட பிள்ளையை ஆட்டம் சூடுபிடிக்கும்போது இழுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும். முதன்மை உணவகத்தில் ஒரு வேளை சாப்பாடு சாதாரணமாக ஒன்றரை மணி நேரம், சில நாள் அதற்கு மேலும் ஆகும். மூன்றாவது தட்டு வருவதற்குள் பிள்ளை மேசையிலேயே தூங்கிவிடும்.

இதனால் 'குழந்தை இருந்தால் முதல் பந்தி' என்ற பொது அறிவுரை எங்கும் கிடைக்கும். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வசிக்கும் குடும்பத்துக்கு அது முழுக்கச் சரி. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து மறுநாளே கப்பல் ஏறும் குடும்பத்துக்கு அது தவறு. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. கப்பலில் 5.30 என்றால் உங்கள் பிள்ளையின் வயிற்றுக்கு மதியம் 3 மணி. மதியச் சாப்பாடு இறங்கியிராது, தூக்கமும் முழுதாகக் கலைந்திராது. அந்த நேரத்தில் தட்டை முன்னால் வைத்தால் எந்தக் குழந்தையும் தொடாது. பெற்றோர் கப்பல் சாப்பாட்டைக் குறை சொல்வார்கள். இரவு 8 என்பது அதே பிள்ளைக்கு மாலை 5.30, பசிக்கிற நேரம். கட்டணமில்லாத கிளப் நேரம் முடியும் 10 மணியும் ஊர்க் கணக்கில் 7.30தான். மூன்று இரவுக்குள் குழந்தையின் உடம்பு புது நேரத்துக்கு முழுதாகப் பழகாது, பழக்கப்படுத்தவும் வேண்டியதில்லை. நேராக வருகிறவர்கள் இரண்டாம் பந்தியை எடுங்கள். சிங்கப்பூரில் மூன்று நாள் சுற்றிவிட்டுக் கப்பல் ஏறுகிறீர்களென்றால் நேரத்தை நீங்களே குறிக்கும் முறையை எடுத்து 6.45 வாக்கில் இடம் கேளுங்கள்.

நேராக வந்தவர்களுக்குச் சிக்கல் காலையில்தான். ஊரில் 7 மணிக்கு எழும் பிள்ளை கப்பலில் 9.30க்குக் கண் விழிக்கும். அதற்குள் காலை பஃபே முடியும் தறுவாயில் இருக்கக்கூடும். ஒருவர் முன்னதாகப் போய் ரொட்டி, வாழைப்பழம், வேகவைத்த முட்டை, சின்ன சீரியல் டப்பா, பால் ஆகியவற்றைக் கேபினுக்குக் கொண்டுவந்துவிடுவது எளிது. பஃபேயிலிருந்து கேபினுக்குத் தட்டு எடுத்துப்போவதை யாரும் தடுப்பதில்லை. கப்பலை விட்டுக் கரைக்கு எடுத்துப்போவதுதான் கூடாது.

இரண்டாம் பந்தியில் பிள்ளைகள் பொறுமை இழப்பது கப்பல்காரர்களுக்கும் தெரியும். டிஸ்னி கப்பல்களில் 'டைன் அண்ட் ப்ளே' என்ற ஏற்பாடு உண்டு. பிள்ளைகளின் உணவை முதலில் பரிமாறிவிடுவார்கள், பந்தி தொடங்கி 45 நிமிடம் வாக்கில் கிளப் ஊழியர்கள் உணவகத்துக்கே வந்து அழைத்துப்போவார்கள். எம்.எஸ்.சி. கப்பல்கள் சிலவற்றிலும் இதே போன்றது இருக்கிறது. இதை முதல் மாலையே வெயிட்டரிடம் சொன்னால்தான் அடுக்களையில் உங்கள் மேசைக்கான வரிசை மாறும். பிள்ளையைக் கிளப்பில் முன்கூட்டியே பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவு இல்லாத பிள்ளையை ஊழியர் கூட்டிப்போக மாட்டார்.

அந்தப் பதிவை வீட்டிலிருந்தே இணையத்தில் செய்யலாம். இல்லையென்றால் கப்பல் ஏறும் நாள் பிற்பகலில் கிளப்பைத் திறந்து வைத்திருப்பார்கள், பெற்றோரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். மாலை 7 மணிக்கு வரிசையில் நின்று படிவம் நிரப்புவதைவிட அது மேல். ஒவ்வாமை, பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ள பெரியவர்கள், உங்களைத் தொடர்புகொள்ளும் வழி ஆகியவற்றைக் கேட்பார்கள். தாத்தா பாட்டி உடன் வந்தால் அவர்கள் பெயரையும் அப்போதே சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாவிட்டால் சொந்தப் பேரனே ஆனாலும் ஒப்படைக்க மாட்டார்கள், அது சரியான விதியும்கூட. 8, 9 வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே வெளியே வர அனுமதிக்கலாமா என்றும் கேட்பார்கள். பெரிய கப்பலில், முதல் நாளில், 'வேண்டாம்' என்று குறிப்பதே நல்லது. இரண்டு நாள் கழித்து மாற்றிக்கொள்ளலாம்.

வயது விதி கறாரானது. கட்டணமில்லாத கிளப் பெரும்பாலும் 3 வயது நிரம்பியவர்களுக்கு. பயணம் தொடங்கும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. கார்னிவல் கப்பல்கள் 2 வயதிலேயே எடுத்துக்கொள்கின்றன, டயப்பரும் மாற்றிவிடுகிறார்கள். ராயல் கரீபியனில் 3 வயது ஆனாலும் டயப்பரோ புல்-அப்போ (கால்சட்டைபோல் இழுத்துப் போடும் டயப்பர்) போட்ட பிள்ளைக்கு இடமில்லை. 12 வயது முதல் 17 வரை உள்ளவர்களுக்குத் தனி இடம் உண்டு. அவர்களை நீங்கள் கொண்டுபோய் விட வேண்டியதில்லை, முதல் இரவுச் சந்திப்புக்கு மட்டும் தவறாமல் அனுப்புங்கள். நட்பு அன்றே அமைந்துவிடுகிறது, மறுநாள் போகிற பிள்ளை தனித்து நிற்கும்.

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு விஷயம். கழிப்பறைப் பழக்கம் வந்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட அம்மாவோ அப்பாவோ கூட இருப்பார்கள் என்பது அதில் அடக்கம். கிளப்பில் காகிதம் மட்டும்தான் இருக்கும், ஊழியர்கள் பிள்ளையைத் துடைத்துவிட மாட்டார்கள். பழகாத பிள்ளை அடக்கிக்கொண்டே இருந்து கடைசியில் உடையை நனைத்துவிடும், உடனே உங்களுக்கு அழைப்பு வரும். பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே காகிதத்தால் தானே துடைத்துக்கொள்ளப் பழக்குங்கள். பித்தான், பெல்ட் இல்லாத எலாஸ்டிக் கால்சட்டையே போடுங்கள், கிளப்புக்குள் விடுவதற்கு முன் ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போங்கள். ஈரத் துடைப்பான் பயன்படுத்தினால் குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். கப்பல் கழிப்பறைகள் வெற்றிடக் குழாய் முறையில் உறிஞ்சுபவை. ஒரு துடைப்பான் சிக்கினால் உங்கள் கேபினோடு பக்கத்துக் கேபின்களும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

3 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு நர்சரி. எல்லாக் கப்பலிலும் இல்லை, இருக்கும் இடத்தில் 6 மாதம் முதல் எடுப்பார்கள், கட்டணம் மணிக்கணக்கில். இடங்கள் குறைவு என்பதால் முன்பதிவு திறந்ததும் எடுத்துவிட வேண்டும். பால்புட்டி, டயப்பர், மாற்றுடை எல்லாவற்றிலும் பெயர் ஒட்டி நீங்களே கொடுக்க வேண்டும். கப்பல் கடையில் டயப்பர் கிடைத்தாலும் உங்கள் அளவு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். டயப்பர் போடும் குழந்தையை நீச்சல் டயப்பரோடுகூட நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். குழந்தைகளுக்கான நீர்த்தெளிப்பு இடம் தனியாக இருக்கும் கப்பலா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

இனி சாப்பாடு. நிலையான பந்தியின் பெரிய லாபம், ஒவ்வொரு இரவும் அதே மேசை, அதே வெயிட்டர். முதல் இரவிலேயே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: பிள்ளையின் தட்டு நமது முதல் தட்டோடு வர வேண்டும், காரம் வேண்டாம், நாளை இரவுக்கு இந்திய உணவு வேண்டும். சோறு, பருப்பு, காய்கறிக் கறி, தயிர், அப்பளம் என்று ஒரு நாள் முன்னதாகத் தலைமை வெயிட்டரிடம் கேட்டால் பெரும்பாலும் செய்து தருவார்கள். அந்த இரவே கேட்டால் கிடைக்காது, அடுக்களை ஆயிரக்கணக்கான தட்டுகளுக்கு முன்கூட்டியே திட்டமிட்டு ஓடுவது. ஜைன உணவு, கடலை அல்லது பால் ஒவ்வாமை போன்றவற்றைக் கப்பலில் போய்ச் சொல்வது தாமதம். பதிவின்போதே எழுதுங்கள், பயணத்துக்கு 45 முதல் 60 நாள் முன்பே நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுவது பாதுகாப்பு.

பிள்ளைகளுக்கான தனிப் பட்டியல் எல்லாக் கப்பலிலும் ஒன்றுபோல இருக்கும்: சிக்கன் நகெட்ஸ், மக்ரோனி-சீஸ், பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல். பிள்ளை அதிலேயேதான் சாப்பிட வேண்டும் என்று விதி இல்லை. பெரியவர்கள் பட்டியலிலிருந்து சூப்பும் வெறும் பாஸ்தாவும் கேட்கலாம், அரைத் தட்டும் கேட்கலாம். கூடுதல் காசு ஆகாது. தயிர்சாதப் பிள்ளைகளுக்கு வழி உண்டு. பஃபேயில் வெள்ளைச் சோறு எப்போதும் இருக்கும், காலையில் இனிப்பில்லாத தயிர் இருக்கும். தயிரை ஒரு கிண்ணத்தில் எடுத்துக் கேபின் குளிர்பெட்டியில் வைத்தால் மதியத்துக்கு ஆகும். அந்தக் குளிர்பெட்டி வீட்டு ஃபிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, அதனால் இரவு வரை வைக்க வேண்டாம்.

சைவக் குடும்பங்கள் 'வெஜிடேரியன்' என்ற சொல்லை மட்டும் நம்பக்கூடாது. அந்தச் சொல்லில் முட்டை அடங்கும். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழிச் சாறில் கொதித்ததா என்று கேட்க வேண்டும். ஜெல்லி, மார்ஷ்மெல்லோ, சில மூஸ் வகைகளில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்கிலிருந்து வருவது. உருளைக்கிழங்கு வறுவலும் மீனும் ஒரே எண்ணெயில் பொரியலாம். கிளப்பில் பிறந்தநாள் கேக், மிட்டாய் கொடுப்பதுண்டு என்பதால் பதிவுப் படிவத்திலும் 'முட்டை இல்லை, இறைச்சி இல்லை' என்று தனித்தனியாக எழுதுங்கள். சென்னையிலிருந்து 2022 ஜூனில் ஓடத் தொடங்கிய, கொர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலில் இந்தச் சிரமம் வெகுவாகக் குறையும், நம் சாப்பாடே இருக்கும். ஆனால் அது 1990இல் கட்டிய சிறிய கப்பல், பிள்ளைகளுக்கான இடத்தைப் புதுக் கப்பல்களோடு ஒப்பிட முடியாது.

வீட்டில் சமைத்ததைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள். ஆலையில் மூடி முத்திரையிட்ட குழந்தை உணவும் பால் பவுடரும் தடையில்லை. மின்கெண்டி, சிறு குக்கர் பெட்டியில் இருந்தால் எடுத்து வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள். வெந்நீருக்கு கேபின் பணியாளரிடம் கேளுங்கள், நல்ல ஃபிளாஸ்க் ஒன்று கொண்டுபோங்கள்.

பஃபேயில் கைகழுவும் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கப்பல்களில் பரவும் நோரோவைரஸை ஆல்கஹால் ஜெல் சரியாகக் கொல்வதில்லை, சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். வாயிலில் தெளிக்கும் ஜெல்லோடு நிறுத்தாமல் 20 விநாடி கழுவ வையுங்கள், குறிப்பாகக் கிளப்பிலிருந்து நேராகச் சாப்பிட வரும்போது. வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மறைக்காமல் மருத்துவ மையத்துக்குச் சொல்லுங்கள். கிளப் சில நாள் சேர்க்காது, வருத்தம்தான், ஆனாலும் அந்த அறையில் இன்னும் எத்தனையோ குழந்தைகள் இருக்கிறார்கள்.

கப்பல் ஏறியதும் பிள்ளையின் கையில் அவசரகாலக் கூடுமிட எண் உள்ள பட்டை கட்டுவார்கள். கழற்ற விடாதீர்கள். அவசரம் வந்தால் ஊழியர்கள் பிள்ளையைக் கூடுமிடத்துக்குக் கொண்டுவருவார்களா, நீங்கள் கிளப்புக்குப் போக வேண்டுமா என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதுதான் ஆபத்து. உயிர்காப்பு அங்கி 15 கிலோவுக்குக் கீழே, 15 முதல் 43 கிலோ என்று குழந்தைகளுக்கு இரண்டு அளவில் வரும். பிள்ளையின் எடையைச் சொல்லி, சரியான அளவு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்.

புக்கெட்டில் இறங்கினால் கைப்பேசி தானாக ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடக்கூடும். கிளப், பந்தி, கப்பல் புறப்பாடு எல்லாம் கப்பல் நேரப்படிதான். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று கட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி இரவு பெட்டிகளைக் கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். பந்தி முடிந்து வந்து தூங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு அடுக்க முடியாது, மாலை 5 மணிக்குள் அடுக்கிவிடுங்கள். மறுநாள் உடை, பால் பவுடர், மருந்து மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பிள்ளை கிளப்பில் வரைந்தது, ஒட்டியது ஏதாவது இருந்தால் அன்றிரவே வாங்கிவிடுங்கள், இறங்கும் நாள் காலையில் கிளப் திறக்காது.